கல்லைப் பிடுங்கலாம், மழையை யாரிடம் கேட்பது?

இந்த எபிசோடில் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப்போறேன். காலேஜ் படிக்கிற ஒருத்தர் வாய்ஸ் நோட்டில் அனுப்பினது: "பேனர் பிடிச்சு நிக்கிறோம், ஹேஷ்டேக் போடுறோம், மெயில் அனுப்புறோம். காலநிலை மாற்றத்துக்கு இதெல்லாம் போதுமா? இல்ல, நம்மளை நாமே ஏமாத்திக்கிறோமா?"

நேராகவே பதில் சொல்லிடுறேன். போதாது. ஆனால் "அதான் போதாதே" என்று சொல்லிட்டு வீட்டில் உட்கார்ந்துக்கிறவங்க கூட்டத்தில் என்னைச் சேர்த்துடாதீங்க. எதுக்குப் போராட்டம் போதும், எதுக்குப் போதாது என்பதைப் பிரிச்சுப் பார்க்கணும். அதுக்கு மாநாட்டு மேடைகளை விட ஒரு மலை வசதியாக இருக்கும். அதனால ஏற்காட்டுக்குப் போவோம்.

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலை. நம்மில் பாதிப் பேருக்கு அது வீக்கெண்ட் இடம்: ஏரி, போட், லேடீஸ் சீட், மிளகாய் பஜ்ஜி. மே மாசக் கோடை விழா. ஆனால் அங்கே வாழ்கிறவங்களுக்கு அது காபியும் மிளகும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபியை அங்கே கொண்டுவந்தார். இருநூறு வருஷமாக அந்த மலையின் வருமானம் அந்தச் செடியோடு கட்டிக்கிடக்கு. அதுக்கும் ரொம்ப முன்னாலிருந்தே அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆள்கிறவங்க என்ற பொருளில் மலையாளி. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதிதான்.

இந்த மலையில் முதல் சண்டை மண்ணுக்காக நடந்தது. சேர்வராயன் மலையின் மேல்மட்டத்தில் பாக்சைட் இருக்கு. அலுமினியம் அதிலிருந்துதான் எடுக்கிறாங்க. 1960-களில் மேட்டூரில் மால்கோ, அதாவது மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, உற்பத்தியைத் தொடங்கியது. பாக்சைட் ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் இறங்கியது. 1995-ல் அந்தக் கம்பெனி ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போனது. பின்னால் வேதாந்தா என்ற பெயரில் நமக்குத் தெரிந்த அதே குழுமம்.

மலை உச்சியில் இருக்கும் பாக்சைட் வெறும் தாது மட்டும் இல்லை. நுண்துளைகள் நிறைந்த அடுக்கு அது. மழைத் தண்ணியை வாங்கி வெச்சுக்கிட்டு, மெதுவாகக் கீழே ஊற்றாக விடும். அதை வெட்டி எடுத்தால் தாது மட்டும் போகாது, மலையின் தண்ணித் தொட்டியும் சேர்ந்து போகும். கொல்லிமலையில் உரிய சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் சுரங்கம் நடக்குது என்று சேலத்து ஆர்வலர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2008-ல் வேலை நின்றது. அதே ஆண்டின் கடைசியில் மேட்டூர் உருக்காலையும் நின்றது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்க விரும்பலை. 2008 என்பது உலகப் பொருளாதாரமே சரிந்த வருஷம். அலுமினியம் விலையும் அடிவாங்கியது. சுரங்கம் நின்றதில் போராட்டத்துக்கு எவ்வளவு பங்கு, வழக்குக்கு எவ்வளவு, விலைக்கு எவ்வளவு என்று தராசில் போட்டுச் சொல்ல முடியாது. போராட்டக்காரர்கள் மொத்தத்தையும் தங்கள் கணக்கில் எழுதிக்குவாங்க. கம்பெனிக்காரர்கள் மொத்தத்தையும் விலைமேல் போடுவாங்க. என் கணிப்பு வேற: வழக்குன்னு ஒண்ணு இருந்ததால்தான், நின்ற வேலை விலை ஏறினதும் தானாகத் திரும்பி வரலை.

இரண்டாவது சண்டை உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். எட்டுவழிச்சாலை. 2018-ல் அறிவிச்சாங்க. சேலத்தில் இருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் என்று ஐந்து மாவட்டம். சேர்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் மஞ்சவாடிக் கணவாய் இருக்கே, அந்த வழியாகத்தான் பாதை. தென்னையும் நெல்லும் மல்லிகையும் விளைகிற, கிணற்றுப் பாசனம் உள்ள நிலங்கள்.

அந்த ஜூன் மாசத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. மே 22-ம் தேதிதான் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்திருந்தாங்க. ஒரு மாசம்கூட ஆகலை. தெருவில் இறங்கினால் என்ன நடக்கலாம் என்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. அந்த நேரத்தில்தான் சேலத்துக் கிராமங்களில் அளவெடுக்க வந்தவங்களுக்கு முன்னால் பெண்கள் மண்ணில் விழுந்து மறிச்சாங்க. கைதுகள் நடந்தன. சாலையை எதிர்த்துப் பேசினதுக்காகவே சிலர் சிறைக்குப் போனாங்க. "போராட்டம் போதுமா?"ன்னு கேட்கிறப்ப, அதுக்கு யார் என்ன விலை கொடுக்கிறாங்க என்பதையும் பக்கத்தில் வெச்சுப் பார்க்கணும். சென்னையில் பேனர் பிடிக்கிறதும், சொந்தத் தோட்டத்தில் போலீஸ் வேனுக்கு முன்னால் நிற்கிறதும் ஒரே சொல்லுக்குள் அடங்காது.

2019 ஏப்ரல் 8. மக்களவைத் தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால், சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதியை முன்கூட்டியே வாங்காமல் நிலத்தில் கை வைக்கக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஊரில் பட்டாசு வெடிச்சாங்க. நட்டிருந்த கல்லைப் பிடுங்கிப் போட்டாங்க.

பெரும்பாலானவங்க ஞாபகத்தில் கதை அங்கேயே முடிஞ்சிடுது. ஆனால் முடியலை. 2020 டிசம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை மாத்திடுச்சு. நிலம் எடுக்கப்போறோம் என்று அறிவிக்கிற கட்டத்திலேயே அனுமதி கையில் இருக்கணும் என்ற அவசியம் இல்லை, அறிவிக்கை செல்லும் என்றது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் விவசாயிகள் பெயரை மாத்தினதை மட்டும் ஏற்கலை, பழையபடி எழுதச் சொன்னது. இன்னைக்கு வரைக்கும் அந்தச் சாலை போடப்படலை. ஆனால் சட்டப்படி அது செத்துப்போன திட்டமும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் இன்னமும் செய்தித்தாளில் "விரைவுச்சாலை" என்ற சொல்லைப் பார்த்தால் முழுச் செய்தியையும் படிக்காமல் விடுறதில்லை.

இந்த இரண்டு சண்டைக்கும் பொதுவாக ஒண்ணு இருக்கு. இரண்டிலும் எதிரே ஒரு பொருள் இருந்தது. ஒரு குத்தகை, ஒரு கம்பெனி, ஒரு அறிவிக்கை எண், ஒரு அளவுக்கல். யாரிடம் போய்க் கேட்கணும் என்று தெரியும். எதை நிறுத்தினால் ஜெயிச்சோம் என்றும் தெரியும். "வேண்டாம்" என்ற ஒரே சொல் போதும். நம்ம ஊர்ப் போராட்ட மரபு அந்தச் சொல்லை ரொம்ப நல்லாச் சொல்லும்.

இப்போ காபிச் செடிக்கு வருவோம். அரபிகா காபி ஏற்காட்டில் எப்படிப் பூக்குது? பனிக்காலம் முடிஞ்சு செடி கொஞ்ச நாள் காய்ந்து நிற்கும். மொட்டு தூங்கிட்டு இருக்கும். மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழணும். விழுந்த எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். பூ காயாகப் பிடிக்க அடுத்து இன்னொரு மழை வேணும். இந்த இரண்டு மழைதான் அந்த வருஷத்து வருமானம். மழை தள்ளிப்போனால், இல்லை அரைகுறையாக விழுந்தால், பூ பல தவணையாகப் பூக்கும், பழமும் பல தவணையாகப் பழுக்கும். ஒரே செடியைப் பல தடவை பறிக்கணும், கூலி ஏறும். பெரிய எஸ்டேட்டில் குட்டை வெட்டி ஸ்பிரிங்க்ளர் வெச்சிருப்பாங்க, மழை இல்லைன்னாலும் பூக்கவெச்சுடுவாங்க. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வெச்சிருக்கிறவர் வானத்தைத்தான் பார்க்கணும்.

அடுத்தது வண்டு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று சொல்வாங்க. அரபிகாவின் மோசமான எதிரி. வெயில் படுகிற, நிழல் குறைந்த தோட்டம்தான் அதுக்குப் பிடிக்கும். வெப்பம் ஏற ஏற அதுக்குக் கொண்டாட்டம்.

கடைசியில் அறுவடை. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியது. கரையேறின புயல் சீக்கிரம் கலைஞ்சு போகும் என்றுதான் நாம பழகியிருக்கோம். இது மெதுவாக உள்ளே நகர்ந்தது. சேர்வராயனுக்கு வடகிழக்கே இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரு வீட்டில் இருந்த 7 பேர் இறந்தாங்க. ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்து நின்றது. அது காபி பழுக்கிற, பறிக்கிற காலம். அப்போ கொட்டுகிற மழை பழத்தை உதிர்க்கும், பறிச்சதைக் களத்தில் காயவைக்கவும் விடாது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். கூடுதல் ஈரம், கூடுதல் மழை.

இப்போ சொல்லுங்க. மாசியில் வராத மழைக்கு எந்த ஆபீஸ் முன்னால் உட்கார்றது? எந்தக் கல்லைப் பிடுங்குறது?

நம்ம தலைமுறையின் போராட்டம் முட்டுகிற சுவர் இதுதான். 2019 செப்டம்பர் 20-ம் தேதி உலகம் முழுக்கக் காலநிலை வேலைநிறுத்தம் நடந்தது. ஏற்பாட்டாளர்கள் கணக்கில் 40 லட்சம் பேர். சென்னையிலும் மாணவர்கள் கூடினாங்க. அந்த வருஷம் ஹவாயில் இருக்கும் மௌனா லோவா ஆய்வகத்தில் அளந்த கார்பன் டை ஆக்சைடு, காற்றில் பத்து லட்சத்தில் 411 பங்கு. 2024-ல் அது 424. அந்த எண்ணுக்குக் காது கிடையாது. எத்தனை பேர் தெருவில் நின்னாங்க என்று அதுக்குத் தெரியாது.

அதுக்காகப் போராட்டம் வீண் என்று சொல்லலை. 2020-ஐ எடுத்துக்குங்க. ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்கு ஒரு புது வரைவு கொண்டுவந்தது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் கொடுக்கிற 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைக்கிறது, அனுமதி வாங்காமல் தொடங்கின வேலைக்குப் பின்னால் அனுமதி தர்றது, இதெல்லாம் அதில் இருந்தது. கொரோனா ஊரடங்கு. தெருவுக்கு வர முடியாது. லட்சக்கணக்கான மெயில் போச்சு. மெயில் அனுப்பச் சொன்ன இளைஞர் அமைப்பின் இணையதளத்தையே கொஞ்ச நாள் முடக்கினாங்க. அந்த வரைவு இறுதி விதியாக வரவே இல்லை. வாய்ஸ் நோட் அனுப்பின தம்பிக்குச் சொல்றேன், ஹேஷ்டேக்கும் மெயிலும் அங்கே வேலை செஞ்சது. ஏன்? அங்கே ஒரு கல் இருந்தது. ஒரு வரைவு, அதில் பிரிவு எண்கள், கருத்துச் சொல்லக் கடைசித் தேதி.

ஆனால் பின்கதையையும் கேளுங்க. 2021 ஜூலையில் "பின்னால் அனுமதி" என்ற அதே விஷயம் ஒரு அலுவலகக் குறிப்பாணையாக வந்தது. எந்த ஊர்வலமும் இல்லை. 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் அதைத் தப்பு என்று அடிச்சது. நவம்பரில் அதே நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மே மாசத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. இதில் எத்தனை உங்க ஃபீடில் வந்தது? வரைவுக்கு எதிராக மெயில் அனுப்பின லட்சம் பேரில், குறிப்பாணையைப் படிச்சவங்க சில வக்கீல்களும் சில ஆர்வலர்களும்தான்.

போராட்டம் போதாது என்று நான் சொல்றது இந்த இடத்தில்தான். கூட்டம் ஒரு நாள் வரும், கோப்பு தினமும் நகரும். கூட்டத்துக்கு அப்புறம் யாராவது அந்தக் கோப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கணும்.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் ஒடிசாவின் நியமகிரி. அங்கேயும் பாக்சைட்தான், அதே வேதாந்தா குழுமம்தான். டோங்ரியா கோந்த் மக்கள் பல வருஷம் போராடினாங்க. 2013-ல் உச்ச நீதிமன்றம், கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராம சபை கூடியது. 12-லும் வேண்டாம் என்று தீர்மானம். அதோடு சுரங்கத்துக்கான அனுமதி போச்சு. மலைமேல் போட்ட சத்தம் ஒரு தீர்மானப் புத்தகத்தில் எழுத்தாக இறங்கினது அங்கே. அதுக்குக் கைகொடுத்தது 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம்.

அந்தச் சட்டம் ஏற்காட்டுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பகுதி ஒண்ணுகூட இல்லை, அதனால பழங்குடிப் பகுதிகளுக்கான தனிப் பஞ்சாயத்துச் சட்டம் இங்கே பொருந்தாது. இது பலருக்குத் தெரியாது. மலையாளி மக்களுக்குத் தனித்தொகுதி உண்டு, அந்தக் கூடுதல் பாதுகாப்பு கிடையாது. ஆனால் வன உரிமைச் சட்டத்துக்கு அந்த அட்டவணை தேவையில்லை. காட்டின்மீது ஒரு ஊருக்குச் சமூக உரிமை பதிவானால், அந்த ஊர் கிராம சபையின் பேச்சுக்குக் கனம் வந்துடும். இதுக்காக யாரும் ஊர்வலம் போறதில்லை. படிவம், வரைபடம், சாட்சி, வனத்துறை, வருவாய்த்துறை என்று அலையணும். செம போர் வேலை. அதுதான் மலையைக் காப்பாத்துற வேலையும்.

கீழே சேலத்துக்கு வந்தால் வேறொரு மாதிரி இருக்கு. கன்னங்குறிச்சி பக்கம் மூக்கனேரி. சேர்வராயன் அடிவாரத்துத் தண்ணி வந்து சேர்கிற ஏரி. புதரும் குப்பையுமாகக் கிடந்ததை 2010-ல் சேலம் மக்கள் குழு என்ற அமைப்பு, பியூஷ் மானுஷ் முன்னின்று, மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கித் தூர்வாரியது. அள்ளின மண்ணையே ஏரிக்குள் சின்னச் சின்னத் தீவுகளாகக் கொட்டி மரம் நட்டாங்க. இப்போ பறவைகள் வந்து தங்குது. பியூஷைப் பற்றி சேலத்தில் பத்துப் பேரைக் கேட்டால் பத்து அபிப்பிராயம் சொல்வாங்க, அது தனிக் கதை. ஆனால் போராட்டத்துக்காகக் கைதான அதே ஆள் ஏரி மண் அள்ளவும் நின்றார் என்பது முக்கியம். ஒண்ணு செய்தால் இன்னொண்ணு தேவையில்லை என்று நினைக்கிறவங்களுக்கு அவரைக் காட்டலாம்.

இருந்தாலும் ஏரி தூர்வாருவதால் 424 குறையாது, அதையும் ஒத்துக்கணும். அது வரப்போற அடியைத் தாங்குற வேலை. காபித் தோட்டத்தில் பழைய நாட்டு மரங்களை வெட்டிட்டு, சீக்கிரம் வளர்ந்து காசு தர்ற சில்வர் ஓக் வெச்சதைத் திருப்புறதும் அந்த மாதிரி வேலைதான். பல வகை மரம் இருந்தால் நிழல் நிக்கும், வண்டு குறையும், மண்ணில் ஈரம் இருக்கும். ஆனால் ஐந்து ஏக்கர்காரரிடம் போய் "சில்வர் ஓக்கை விட்டுடுங்க" என்று நாம சொன்னால், மகள் கல்யாணத்துக்கு அந்த மரத்தை நம்பித்தானே இருக்கேன் என்பார். அவருக்கு யார் ஈடு கொடுக்கிறது? அது கோரிக்கையாக மாறணும். "பூமியைக் காப்போம்" என்று எழுதின அட்டையைவிட, "நிழல் மரம் வைக்கிற சிறு காபி விவசாயிக்கு மானியம் கொடு" என்று எழுதின அட்டைக்கு ஒரு அதிகாரி பதில் சொல்லியே ஆகணும்.

பதில் சொல்ல ஆள் இருக்காங்களா? இருக்காங்க. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022 டிசம்பரில் தொடங்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு காலநிலை இயக்கம், அதுக்குக் கலெக்டர்தான் தலைமை, மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். முகவரி இல்லாத பிரச்சினைக்கு அரசே ஒரு கதவு எண் போட்டுக் கொடுத்திருக்கு. அந்தக் கதவைத் தட்டினவங்க எத்தனை பேர்? சேலத்துக்கான திட்டத்தில் ஏற்காட்டுக் காபிக்கு என்ன இருக்கு, வெயில் காலத்தில் மலைப்பாதை ஓரம் பிடிக்கிற காட்டுத்தீக்கு என்ன இருக்கு, மண்சரிவுக்கு என்ன இருக்கு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயில் கேட்கலாம்.

நம்ம பக்கத்துக் கணக்கும் இருக்கு. 2024 மே மாசம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு உயர் நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது. சுற்றுலாத் தொழிலில் இருக்கிறவங்க கோபப்பட்டாங்க, அதில் நியாயமும் உண்டு. அந்த உத்தரவில் ஏற்காடு இல்லை. ஊட்டிக்கு பாஸ் வேணும் என்றதும், "அப்போ ஏற்காடு போலாம் மச்சான்" என்றவங்க இந்த எபிசோடைக் கேட்கிறவங்களிலும் இருப்பீங்க. ஏற்காடு 1990-லிருந்தே மலைப்பகுதி பாதுகாப்பு விதிகளுக்குள் வருது, கட்டடம் கட்டத் தனி அனுமதி வேணும். நீங்க தங்குற ரிசார்ட்டுக்கு அது இருக்கா என்று புக் பண்றதுக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்க. என்ன பதில் வருது என்று எனக்கும் எழுதுங்க, ஆர்வமாக இருக்கேன்.

அந்தத் தம்பிக்கு இன்னொரு தகவல். தமிழ்நாட்டில் இப்போ வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்க சொந்த ஊர் எதுவோ, அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் உங்க பேர் இருந்தால், அங்கே எழுந்து பேச உங்களுக்கு உரிமை உண்டு. பெரிய திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் 30 நாள் முன்னாலேயே அறிவிக்கணும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்கணும். சுருக்கம்தானே என்று விடாதீங்க. அதில் "அருகில் நீர்நிலை ஏதும் இல்லை" என்று எழுதியிருக்கிற பக்கத்தை முதலில் பாருங்க. உங்க பாட்டி துணி துவைச்ச ஓடை அதுக்குள்ள இருக்கா, இல்லையா என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அடுத்த எபிசோடில் காபி விலையைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கேன். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அரபிகா உச்சத்துக்குப் போனது, பிரேசிலின் வறட்சி அதுக்கு ஒரு காரணம். அந்த விலை ஏற்காட்டில் பழம் பறிக்கிறவங்க கூலிக்கு வந்து சேர்ந்ததா, இல்லை நம்ம டம்ளரிலேயே நின்னுடுச்சா என்று பார்ப்போம்.